பன்னிரண்டுக்கு ஒன்று

கோரிமேடு தாண்டியதும் கண்டக்டர்
என் மடியில் மடங்கிக் கிடக்கும் வாக்கரைப் பார்த்து
'இதுக்கு லக்கேஜ் போடணும் மேடம்' என்பார்.
வாரா வாரம் அதே பேச்சு.
வாரா வாரம் நானும் சிரித்துவைப்பேன்.
தொகுப்பூதியத்தில் சிரிப்புக்குத் தனிப்படி கிடையாது.

அடிவாரத்தில் வண்டி மூச்சைப் பிடிக்கும்.
பிறகு வளைவுகள்.
ஏழில் யாராவது வாந்தி எடுப்பார்கள்.
பதினொன்றில் குரங்குகள்.
இருபதில் காது அடைத்துத் திறக்கும்.
ஒரு பேருந்து ஏறட்டும் என்று
இந்த மலை
இருபது இடத்தில் வளைந்து கொடுத்திருக்கிறது.
அதை யாரும் சலுகை என்பதில்லை.
சாலை என்கிறார்கள்.

கடுக்காமரத்துப் பள்ளியில் சாய்தளம் இருக்கிறது.
மூன்று படிகளின் மேல்
மார்ச் மாத அவசரத்தில் கவிழ்த்த சிமெண்டு.
மஞ்சள் பெயிண்டு. சக்கர நாற்காலிச் சின்னம்.
திட்டம், ஆண்டு, தொகை எழுதிய பலகை
சாய்தளத்தைவிட நேராக நிற்கும்.
டேப் வைத்து அளந்தேன்:
ஒன்றரை அடி உயரம், நாலடி நீளம்.
பன்னிரண்டுக்கு ஒன்று என்பது கணக்கு,
பதினெட்டு அடி வேண்டும்.
மழை நாளில் அதில் ஆடு வழுக்கியதைப் பார்த்ததாகச்
சத்துணவு லூர்து அக்கா சத்தியம் செய்கிறார்.

படிவத்தில் கேள்வி ஒன்றுதான்:
சாய்தளம் உண்டா, இல்லையா.
உண்டு என்று டிக் அடித்தேன், மூன்று வருடம்.
இல்லை என்றால் சேலத்திலிருந்து போன் வரும்:
'பில்லே பாஸ் ஆயிடுச்சு, அப்புறம் எப்படிம்மா இல்லை?'

நிரோஷா, ஐந்தாம் வகுப்பு.
சான்றிதழில் எழுபத்தைந்து விழுக்காடு.
மீதி இருபத்தைந்தை வைத்துக்கொண்டுதான்
வகுப்பையே மேய்க்கிறாள் என்பது
எஸ்தர் டீச்சரின் புகார்.
எஸ்டேட்டுக்கு ஓடும் வழியில் அவள் அப்பா
அவளைத் தூக்கி மேலே வைத்துவிட்டுப் போவார்.
நாற்காலி கீழேயே நனையும்.
'மிளகு மூட்டை வந்தாச்சு, எடை போடுங்க' என்பாள்.
எல்லாரும் சிரிப்பார்கள்.
அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

போன புதன்கிழமை
வராந்தாவில் அவள் இல்லை. யாருமே இல்லை.
சமையல்கூடத்தை ஒட்டிய பின்சரிவில் சத்தம்.
போனால்,
சுண்ணாம்புக் கோடு இடமாகப் போய்த் திரும்பி
வலமாகப் போய்த் திரும்பி
ஓட்டை மதில் வழியாகப் பின்கதவு வரை.
ஓரத்தில் உடைந்த செங்கல்.
நடுவில் காப்பிக்கொட்டைத் தோலைக் கொட்டி
மிதித்து மிதித்து இறுக்கிய தரை.
வளைவுக்கொரு அட்டைப் பலகை: 1/5, 2/5.
'ஹாரன் அடிக்கவும்' என்பதில்
எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.
கவியரசின் கை. என் பட்டியலில் அவனும் உண்டு,
வேறு கட்டத்தில்.

யார் சொல்லிக் கொடுத்தது என்றேன்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.
'பஸ்சு எப்படி மேடம் ஏறுது?' என்றான் கவியரசு,
நான் இன்றைக்குத்தான் மலைக்கு வந்தவள் போல.

நிரோஷா ஏறினாள்.
வளைவுக்கு வளைவு வாயால் ஹாரன்.
மூன்றாவதில் சக்கரம் செங்கல்லில் மாட்டியது.
தள்ள வந்த இருவரையும் திட்டினாள்,
அப்புறம் தள்ளச் சொன்னாள்.
நான்காவதில் நிறுத்தி
'ரேடியேட்டர் சூடாயிருச்சு' என்று மூச்சு வாங்கினாள்.
பின்கதவுக்குள் முன்சக்கரம் நுழைந்தபோது
உள்ளே எஸ்தர் டீச்சர்
பெருக்கல் கணக்கைப் பாதியில் விட்டிருந்தார்.

டேப்பை எடுத்தேன். பழக்கம்.
பதினொன்றுக்கு ஒன்று.
இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டும்.
ஐப்பசி மழைக்கு இது நிற்காது.
படிவத்தில் குறிப்புகளுக்கான கட்டம்
ஒரு விரல் அகலம்.
இருபது வளைவை அதில் எப்படி மடக்குவது?

யோசித்தபடி முதல் வளைவில் கால் வைத்தேன்.
மேலிருந்து கை நீட்டித் தடுத்தாள்.

'டிக்கெட்?'

பிறகு வாக்கரை ஒரு பார்வை.

'லக்கேஜுக்கும் சேர்த்து எடுங்க.'