மன அப்பு

கல்யாணப் பத்திரிகைக்கு
புத்தூர் அச்சுக்காரர் இண்டிபேரு கேட்டார்.
வீட்டுப்பெயர்.
அப்பா யோசித்தார். எங்களுக்கு இனிஷியல்தான், ச.
ஒற்றை எழுத்தை வைத்து அவர் என்ன செய்வார்?
பேச்சியம்மாளுக்கு முன்னால்
விளாத்திகுளம் என்று போட்டுவிட்டார்கள்.
அன்றிலிருந்து ஒரு ஊரே என் வீட்டுப்பெயர்,
கண்மாய், கருவேலங்காடு, மிளகாய் வத்தல் கமிஷன் கடை
எல்லாம் சேர்த்து.

பேச்சி என்றால் தெலுங்கில் தகராறாம்.
நாத்தனார் ஹைமவதி ஒரு மாதம்
அதை என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தாள்.
லோகநாதம் என்ற அவர் பெயரோ
எங்கள் காதுக்கு அஃறிணை.
அம்மா ஒரு ‘ன்’ போட்டு உயர்திணையில் ஏற்றினாள்.

ஒரகடத்தில் இருவரும் ஃபோன் செய்தோம்.
அவர் திரை ஒட்டுவார், நான் சோதிப்பேன்.
நைட் ஷிஃப்ட் பஸ்ஸில் பேசிய பாஷைக்குப் பெயரில்லை.
பிறகு கம்பெனியை மூடினார்கள்.
நகரியில் அவர் வீட்டில் நான்கு விசைத்தறி இருந்தது.

முகூர்த்தத்தில் நடுவே ஒரு துணியைப் பிடித்தார்கள்.
துணிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை வந்து
என் உச்சியில் சீரகமும் வெல்லமும் வைத்து அழுத்தியது.
“ரசத்துல போடுறதயா” என்றாள் கோவில்பட்டிச் சித்தி,
மைக்கில் விழுகிற மாதிரி.
ராத்திரி முழுக்கத் தலையில் எறும்பு.
செல்ஃபோன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எடுத்தார்.
அதைத்தான் நான்
கல்யாணம் என்று ஞாபகம் வைத்திருக்கிறேன்.

பொன்பாடி தாண்டியதும் எழுத்துகள் உருண்டையாகிவிடும்.
ரயில் நின்று கிளம்புவதற்குள்
படித்து முடிக்க முடியாத ஒரு ஸ்டேஷன் பெயர் உண்டு.
எழுத்தின் தலையில் போடுகிற சின்னக் கோட்டை
தலகட்டு என்கிறார்கள்.
எங்கள் ஊரில் தலைக்கட்டு என்றால்
கோயில் கொடைக்கு வரி கொடுக்கிற குடும்பம்.
கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு வரி கிடையாது.

மாமியார் சுகுணம்மா நல்லவர்.
மா இல்லு என்பார். மா மக்கம் என்பார்.
எங்கள் வீடு. எங்கள் தறி.
என்னைக் கழித்துவிட்ட எங்கள்.
நாங்கள் வேறு, நாம் வேறு என்று
தாய்ப்பாலோடு படித்தவளுக்கு
புரியாத மாதிரி நடிக்க வரவில்லை.
மன என்றால் நம்.
அதற்காகக் காதை வைத்திருந்தேன்.
உலவச்சாறு எனக்குச் சரியாக வந்த நாளில் வரவில்லை.
அறுந்த பாவு இழையை நானே முடிந்த நாளில் வரவில்லை.

அதற்குள் ஒருநாள் அம்மாவிடம் ஃபோனில்,
“எங்க வீட்ல கரண்ட் இல்லம்மா” என்றேன்.
எந்த வீடு என்று அவள் கேட்கவில்லை.
அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.
மத்தியானம் மூன்று மணி.
அந்த நேரத்தில் அவள் பால் காய்ச்சுவதில்லை.

ஐப்பசியில் நூல் விலை ஏறியது.
சேலைகள் கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கடியில் கிடந்தன.
சுகுணம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்,
பொட்டுக்கடலை டப்பாவிலிருந்து
சொசைட்டி நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார்.
மன அப்பு, என்றார்.

நம் கடன்.
ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்,
அவர் அழப்போகிற முகத்தோடு இருந்தார்.
முதலில் தன் வளையலைக் கழற்றினார், பிறகு நான்.
எனக்குச் சோப்பு தேவைப்பட்டது.

புத்தூர் அடகுக்கடையில்
விளாத்திகுளம் பேச்சியம்மாள் என்று
உருண்டை உருண்டையாக எழுதி
வேண்டிய இடத்திலெல்லாம் தலகட்டு வைத்தார் கணக்குப்பிள்ளை.
திரும்பும் பஸ்ஸில் சுகுணம்மா
“ரெண்டு” என்று டிக்கெட் கேட்டார்.
நகரி மூக்குமலை ஜன்னலில் வந்து போனது.
இறங்குகிறவரை என் மணிக்கட்டில் சோப்பு வாசம்.