அழிந்தது, அழித்தது

கிடின்யா துறைமுகத்தைப் பார்த்தபடி
மூன்றாம் மாடியில் என் பட்டறை.
கீழே ட்ராலிபஸ் திரும்பும்போது
மேசை விளக்கு ஒருதரம் கண் சிமிட்டும்.
அந்த நேரத்தில் எதையும் திறக்க மாட்டேன்.

நெட்ஸெல் வந்தது பிப்ரவரியில், ஒரு புதன்கிழமை.
தொப்பியில் பனி உருகி வழிய
துவாலையில் சுற்றியதை மேசைமேல் வைத்தார்.
உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்.
ஒன்று அசல், ஒன்று நகல்.
ஸ்வீடன் போகிற கப்பலில், படிக்கட்டில்,
பை கைநழுவிவிட்டதாம்.
இரண்டும் ஒரே பையிலா?
"பத்திரமாக இருக்கட்டும் என்றுதான்."

நான் சிரிக்கவில்லை.
இந்தத் தொழிலில் முதலில் பழகுவது அதுதான்.

நகல் வாயே திறக்கவில்லை.
அசலுக்கு மின்சாரம் கொடுத்தேன்:
டிக், டிக், டிக்,
பிறகு ஒரு பெருமூச்சு.
இருட்டில் சாவித் துவாரம் அகப்படாமல்
கதவைச் சுரண்டுகிறவனைப் போல
முள் தன் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

"என்ன வேண்டும் இதில்?"
கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனியின்
பதினொரு வருடக் கணக்கு. மார்ச்சில் தணிக்கை.
"வேறு?"
"வேறொன்றுமில்லை" என்றார்,
கொஞ்சம் சீக்கிரமாகவே.

அதே மாடல், அதே தொழிற்சாலை, அதே மாதம் பிறந்த
இன்னொன்று வேண்டும், தலை தானம் கொடுக்க.
ஆஸ்ட்ராவாவில் ஒருவரிடம் இருந்தது.
வந்துசேர ஒன்பது நாள்.

கண்ணாடிக் கூண்டுக்குள் கைவிட்டு
மூடியைக் கழற்றினேன்.
தட்டில் என் முகம் தெரிந்தது,
மூக்கின்மேல் பழைய தழும்போடு.
ஒரு தூசி விழுந்தால் அங்கே அது மலை.
பழைய தலையை எடுத்துப் புதியதை வைத்து
மூடிய பிறகுதான்
மூச்சு விட்டது நினைவுக்கு வந்தது.

நான்கு இரவு படித்தது.
முடியாத இடத்தைத் தாண்டிப் போய்
எல்லாம் முடித்து
திரும்பி வந்து மறுபடி கேட்டுப் பார்க்கும்,
கடன்காரனின் வீட்டுக்கு நடக்கிற மாதிரி.

கோப்புகளின் பெயர்கள் போய்விட்டன.
எல்லாவற்றுக்கும் வெறும் எண்.
கணக்கு வந்தது: வெல்டிங் கம்பி, துருநீக்கி,
இரவுக் கூலி, கையுறை எழுபது ஜோடி.
அதோடு,
யாரும் கேட்காத நாற்பத்தொரு கடிதங்கள்.

முழுதாக வந்ததா என்று
திறந்து பார்ப்பது என் வேலை.
படிப்பது இல்லை.
படித்தேன்.

'மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,
இந்த மாத இறுதியோடு நான்...'
முதல் கடிதத்தில் இரண்டு பக்கம் நன்றி.
அப்புறம் வந்தவற்றில் காரணங்கள்.
ஒன்றில் ஒரு சின்னப் படகின் விலைகூட இருந்தது.
ஒன்றின் பாதிக்குமேல்
வெல்டிங் கம்பியின் விலைப்பட்டியல் ஏறிக்கிடந்தது.
கடைசிக் கடிதம் ஒரே வரி.
எல்லாமே அவர் கையாலேயே நீக்கியவை.

டிஸ்க்குக்கு இலக்கணம் தெரியாது.
அழிந்தது எது, அழித்தது எது?
நமக்கு ஒரு மெய்யெழுத்து வித்தியாசம்.
அதற்கு அதுவும் இல்லை.
நீக்கு என்றால்
வாசலில் 'இடம் காலி' என்று பலகை மாட்டும்,
அவ்வளவுதான்.
உள்ளே பழைய ஆள்
விளக்கணைத்து உட்கார்ந்திருப்பார்,
புதிதாக யாராவது குடிவரும்வரை.

வெள்ளிக்கிழமை வந்தார்.
புதிய டிஸ்க் இரண்டு, கணக்கோடு கொடுத்தேன்.
"ஒன்று வீட்டில்.
இன்னொன்று வேறு கூரைக்குக் கீழே."
தலையாட்டினார்.

"கேட்காததும் கொஞ்சம் வந்திருக்கிறது.
தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன்.
வேண்டாமென்றால்
சுழியத்தை மேலே மேலே எழுதி
நிஜமாகவே அழித்துத் தரலாம்."

ட்ராலிபஸ் திரும்பியது.
விளக்கு சிமிட்டியது.
அவர் பணத்தை எண்ணினார், மறுபடி எண்ணினார்,
ரசீதை நாலாக மடித்தார்.

கதவருகே நின்று கேட்டார்:
"எத்தனை?"
"நாற்பத்தொன்று."
"முப்பத்தொன்பது என்று நினைத்தேன்."

ஒரு டிஸ்க்கைப் பையில் போட்டார்.
இன்னொன்றைக் கோட்டின் உள்பையில் வைத்து
பொத்தானைப் போட்டுக்கொண்டு
கைப்பிடியைப் பற்றியபடி
மெல்ல இறங்கினார்.