இரவல் டிரில்

இங்கே நூலகத்தில் டிரில் மெஷினும் தருவார்கள்.
மருந்துக்கடைக்கும் பீட்சாக்கடைக்கும் நடுவே,
காலிப் புட்டிகளை விழுங்கிக்
காசுச் சீட்டைத் துப்பும் இயந்திரத்தைத் தாண்டி,
சமையல் புத்தகங்களுக்குப் பின்னால் ஒரு தட்டு:
தையல் மெஷின், பனிச்சறுக்குக் கட்டைகள்,
ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை,
அப்புறம் இது. நீலப் பெட்டி. ஒரு வாரத் தவணை.
"கான்கிரீட்டுக்கா?" என்றார் நூலகர்.
எங்கள் பக்கம் வேறென்ன இருக்கிறது.

நகராட்சி வாடகை வீடு. நான்கு மாடி, மூன்று வாசல்,
ஹெல்சின்கிக்கு வடக்கே
விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு தாழும் இடம்.
எட்டு வருடமாக என் படங்கள்
தரையில் நின்று சுவரில் சாய்ந்திருந்தன,
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.
ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிப்பது.
ஏழாம் விதி: எழுத்து மூல அனுமதியின்றித் துளை கூடாது.
வருடக் கணக்குக்காரிக்கு ஆணி எதற்கென்று
நானும் கேட்டதில்லை.

போன செவ்வாய் கடிதம் வந்தது.
முடிவுத் தேதி என்ற கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு மட்டும்.
அடுப்பருகே நின்று மூன்று தடவை படித்தேன்.
கஞ்சி அடிப்பிடித்தது.

சனிக்கிழமை, பதினொரு மணி.
பிட் சுவரைத் தொட்டதும்
கட்டிடம் முழுக்கப் பல்வலி வந்ததுபோல் அலறியது.
நிறுத்தினேன்.
கீழிருந்து மூன்று தட்டு.
பிறகு படியேறும் செருப்பு.
ஹில்க்கா. எட்டு வருடத்தில் எங்கள் பேச்செல்லாம்
சலவை அறைப் பட்டியலின் ஓரத்தில் எழுதியதுதான்:
"பஞ்சுவலையைத் துடைத்துவிட்டுப் போகவும்."
மன்னிப்புக்கு நான் வாயெடுக்குமுன்
கையிலிருந்த கண்ணாடியைத் திருப்பிக் காட்டினாள்.
"அது இங்கே இருக்கும்போதே" என்றாள்.

ஹில்க்காவின் குளியலறையில் இருந்தபோது ரைவோ வந்தார்,
இரவு பஸ் ஓட்டிவிட்டுப் படுத்தவர்.
இனித் தூக்கம் வராது, அதனால் திரைக்கம்பி.
மூன்றாம் மாடி இஃப்ராவுக்கு
அலமாரியைச் சுவரோடு பிணைக்க வேண்டும்;
குழந்தை ஏறுகிறது என்று
தாய்சேய் நிலையத்தில் சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.
அந்தக் குழந்தை என்னைப் பார்த்து
ட்ர்ர்ர் என்றது.
பக்கத்து வாசல் பையன், பெயர் இன்றும் தெரியாது,
மூன்று கிட்டாரோடு நின்றான்.
யாரோ வாக்குவம் கிளீனரைத்
துளைக்கு அடியில் பிடித்தார்கள்.
ஏழாம் விதி யாருக்கும் நினைவில்லை,
அல்லது எல்லோருக்கும் இருந்தது.
படிக்கட்டில் எதிர்ப்பட்ட பராமரிப்பாளர் தைஸ்தோ
நீலப் பெட்டியைப் பார்த்தார்,
என் தலையில் படிந்த வெள்ளையைப் பார்த்தார்,
"சவுனா இன்றைக்கு ஒன்பது வரை" என்று மட்டும் சொன்னார்.

மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
வீட்டுக்கு வீடு காபி. ஆறாவது கோப்பைக்குப் பிறகு
மின்சாரம் இல்லாமலே என் கை அதிர்ந்தது.

எல்லா வீடும் என் வீடுதான்.
அதே ஜன்னல், அதே பச்சைத் தரை,
அதே இடத்தில் இடிக்கும் கதவு.
ஆனால் இஃப்ரா மேசை போட்டிருந்த மூலை
எனக்குத் தோன்றவே தோன்றாத மூலை.
அங்கே உட்கார்ந்தால்
பள்ளிக்கூட விளக்குகளும்
பிள்ளைகள் சறுக்கும் மேடும் தெரிகின்றன.
எட்டு வருடம் அந்த இடத்தில்
நான் இஸ்திரிப் பலகையை நிறுத்தியிருந்தேன்.

திரும்பி வந்தபோது என் சுவரில்
காலையில் விட்ட அரைத்துளை அப்படியே.
எட்டு மணிக்கு மேல் சத்தம் கூடாது. மணி ஏழு ஐம்பது.
அவசரத்தில் இரண்டு விரல் தள்ளிப் போயிற்று.
மறுபடி போட்டது சரியாக விழுந்தது.
கெட்டுப்போன துளைகளில் பற்பசையைத் திணித்து
கத்தியால் வழித்தேன், ஹில்க்கா சொன்ன வழி.
அறை முழுக்கப் புதினா.
படங்கள் இன்னும் தரையில்தான்.
கொக்கியில் முதலில் ஏறியது
விமான நிலையத் துப்புரவுக் கோட்டு.

திங்களன்று நூலகர் பெட்டியைத் திறந்து
மூடியிலிருந்த தூசியை ஊதினார்.
முனை மழுங்கிய பிட்டை விளக்கடியில் உருட்டிப் பார்த்தார்.
"எத்தனை துளை?"
அவரும் நகராட்சி ஊழியர்தானே.
ஒன்று என்றேன்.