மூன்றாம் வியாழன்: விழுந்தால் எழுவது

கரும்பலகையில் மாதத்தை எழுதுவது என் வேலை.
முப்பத்தொரு வருஷம் வீடு வீடாய் மின்கணக்கு எடுத்தவன்,
எண் கோணாமல் எழுதுவான் என்று
கோபி முதியோர் மன்றம்
என் கையில் சாக்பீஸைக் கொடுத்துவிட்டது.

கார்த்திகை.
முதல் செவ்வாய் ரத்த அழுத்தம், சர்க்கரை; வெறும் வயிற்றோடு வரவும்.
காளியண்ணன் இரண்டு போண்டா முடித்துவிட்டுத்தான் வருவார்.
வெள்ளிதோறும் நாற்காலி யோகா.
இரண்டாம் சனி கண் முகாம்.
நாலாம் ஞாயிறு கொடிவேரிக்கு வேன்,
தண்ணீர் அதிகமென்றால் கரையிலிருந்தே பார்த்துத் திரும்புவோம்,
மீன் வறுவல் அவரவர் செலவு.

மூன்றாம் வியாழனுக்கு நேரே
சற்று நின்று எழுதினேன்:
விழுந்தால் எழுவது, பயிற்சி.
யாருங்க கேட்டது இதை என்றார் நாச்சிமுத்து.
மேலிடத்து உத்தரவு என்றேன்.
மேலே ஓட்டுக்கூரைதான் இருந்தது.

அழுத்தம் பார்க்கும் நாளில் அட்டை நிரப்புவதும் நானே.
அன்று மீட்டர் பக்கத்து ஆணியில் தொங்கிய வெள்ளை அட்டை
இன்று அவரவர் சட்டைப்பையில், மணிபர்ஸில்.
நூற்று நாற்பது, தொண்ணூறு.
போன மாதத்தைக் கழித்துப் பார்க்கும் பழக்கம் விடவில்லை.
சிலருக்கு எண் அப்படியே நின்றுபோகும்.
அந்த அட்டைகள் பீரோவின் அடித்தட்டில் இருக்கின்றன.
இணைப்புத் துண்டிப்பு என்று எழுத மனமில்லை.

வியாழன் வந்தது. பெருந்துறையிலிருந்து
பிசியோதெரபிஸ்ட் பிரிசில்லா, நீலப் பாய் மூன்று.
"முதல்ல யாராச்சும் படுங்க."
பதினேழு பேர், பதினேழு நாற்காலி.
"நான் கீழ குக்கியே ஆறு வருஷம் ஆச்சுங்க சாமி"
என்றார் தெய்வாத்தாள்,
சொல்லிக்கொண்டே வாயில் சேலையை இழுத்துச் செருகி
ஒரு முழங்கால், மறு முழங்கால்,
மூட்டை இறக்குவதுபோல இறங்கிவிட்டார்.
பிறகு செயலாளன் நான் நின்றுகொண்டிருக்க முடியுமா?

தரையிலிருந்து பார்த்தால் மன்றம் வேறு ஊர்.
விசிறி இறக்கையில் விரற்கடை அழுக்கு.
பீரோவுக்கு அடியில், ஒட்டடைக்கு நடுவில்,
கேரம் போர்டின் சிவப்புக் காய்.
ஆடியில் காணாமல் போனது.
அன்றிலிருந்து ஒரு வெள்ளைக் காய்க்கு
ருக்குமணி டீச்சரின் நகப்பூச்சைத் தடவி ஆடிவந்தோம்.
காளியண்ணன் எடுத்தார் என்று நாச்சிமுத்து
நாலு மாதம் அவரோடு பேசவில்லை.

கையை நீட்டினேன். அகப்பட்டது.
"அடக் கெரகமே, ஒருத்தருக்கும் தெரியாம
எத்தனை நேரம் கெடந்துச்சோ" என்றார் காளியண்ணன்.
"ஒரு மணி நாப்பது நிமிஷம்" என்றேன் நான்.

வாய் தவறிவிட்டது.
புரட்டாசி, குளியலறை, ஈர டைல்ஸ்.
ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது.
எத்தனை யூனிட் ஓடியிருக்கும் என்று
கணக்குப் போட்டபடி கிடந்தேன்.
மகன் ஓசூரில். அவனுக்கு இன்றுவரை தெரியாது.

யாரும் உச்சுக்கொட்டவில்லை.
"எனக்கு மாசத்துக்கு ரெண்டு" என்றார்
பக்கத்துப் பாயில் தெய்வாத்தாள், விசிறியைப் பார்த்தபடி.
"டவுன் பஸ்ஸுல, பொங்கலுக்கு முந்தி."
"நோம்பியன்னிக்குக் கோயில் படியில.
செருப்பத் தேடறாப்பல குக்கிக்கிட்டே இருந்தனுங்க."
நாச்சிமுத்து ஒன்றும் சொல்லவில்லை.
வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்து
மூன்றாம் பாயில் படுத்தார்.

"ஒருக்களிச்சுத் திரும்புங்க" என்றாள் பிரிசில்லா.
"அவசரமில்லை. மூச்சு. முழங்கை. முட்டி போடுங்க.
பிடிக்கறது அசையுமான்னு பார்த்துட்டுப் பிடிங்க."
அன்று நான் வாளியைப் பிடித்தேன்.
வாளி என்னோடு வந்துவிட்டது.

இன்று மார்கழி எழுதுகிறேன்.
முதல் செவ்வாய் அதேதான்.
மூன்றாம் வியாழனுக்குப் பாய் ஐந்து.
விசிறி துடைக்க ஆள் தேவை, உயரமானவர்.
சிவப்புக் காய் கிடைத்தது;
நகப்பூச்சுக் காயும் ஆட்டத்தில் இருக்கட்டும் என்கிறார் டீச்சர்.
இரண்டு சிவப்புக்கு விதி என்னவென்று
பின்னால் சண்டை நடக்கிறது,
காளியண்ணனும் நாச்சிமுத்தும் ஒரே கட்சி.