கடைசி வரி

பதினேழு வருடம்
லீசிங் கம்பனியின் இரண்டாம் மாடியில்
மற்றவர்களின் லீவைக் கூட்டிக் கழித்தேன்.
யாருக்கு எத்தனை சுகவீன நாள் மிச்சம்,
யாருடைய பெரியம்மா மூன்று தரம் செத்தார்,
எல்லாம் தெரியும்.
என்னுடைய லீவு நூற்றிப் பன்னிரண்டு
எடுக்காமலே காலாவதியானது.

இப்போது கஸ்தூரியார் வீதியில்
மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஓர் அறை.
இரண்டு கதிரை. நடுவில் மேசை இல்லை.
மேசை வேண்டாம் என்று பயிற்சியில் சொன்னார்கள்,
கைகளை எங்கே வைப்பதென்று சொல்லவில்லை.

பெயர்ப்பலகைதான் பெரும்பாடு.
கோச் என்று எழுதுவித்தால்
"ஸ்ரேசன் அங்காலையெல்லோ" என்கிறார் கடைக்காரர்.
அவருக்குக் கோச்சியைத் தவிர
வேறொன்றும் ஓடவில்லை.
வழித்துணை என்று மாற்றினேன்.
முதற் கிழமை ஏழு பேர் படியேறினார்கள்:
நாலு பேர் கனடாவுக்கு,
இரண்டு பேர் ஐஈஎல்ரிஎஸ் வகுப்புக்கு,
ஒருவர் சாதகத்தோடு, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க.
அம்மாவிடம் கேட்கிறார்களாம்,
மகள் இப்ப என்ன செய்யிறா?
"கதைக்கிறாள்" என்கிறாராம் அம்மா.

எட்டாவது ஆள் வரும்போதே தெரிந்தது.
ஒரு செருப்பு படியில் இழுபடும் சத்தம்.
யூட் அல்போன்சஸ். சாவகச்சேரிக் கிளை, வசூல் பிரிவு.
அந்தக் காலுக்குக் காப்புறுதிப் படிவம் நிரப்பியது நான்.
பிறகு மற்றக் கடிதமும் நான்.

சட்டைப் பையிலிருந்து
நாலாய் மடித்த தாளை எடுத்து விரித்தார்.
என் ஒப்பம். அதற்கு மேலே
தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.

"மிஸ், அது இன்னும் சிறக்கேல்லை.
வாழ்த்தினது நீங்கள்தானே,
கேட்டுப் பாப்பம் எண்டு வந்தனான்."

சிரித்தாரா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

முப்பத்தொரு கடிதத்தில் அந்த வரி.
ஒருதரமும் நான் அதைத் தட்டச்சு செய்ததில்லை.
பழைய கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுவேன்.
முப்பத்தொரு எதிர்காலத்தை வாழ்த்தி அனுப்பினேன்,
லிஃப்ட் வரைக்கும்கூட
கூடப் போகாமல்.

வாயில் வந்ததெல்லாம் பழைய வாய்:
யோசியாதேங்கோ. பாப்பம். அறிவிக்கிறம்.
மூன்றையும் விழுங்கினேன்.

பேசாமல் இருப்பது எனக்குப் பழகிய வேலைதான்.
அப்போது அதற்கு ஒரு பேனை இருந்தது.
மூடியைக் கழற்றித் தாளருகே வைத்துவிட்டு
அவர்கள் எடுக்கும்வரை
ஃபான் சுற்றுவதைப் பார்த்திருப்பேன்.
இங்கே ஒப்பமிட ஒன்றுமில்லை.
என் மௌனத்துக்கு வெறுங்கை.

கீழே யாருக்கோ பவர் பார்க்கிறார்கள்.
இது தெளிவோ? இல்லாட்டி இதுவோ?
இது? இது?

"கேளுங்கோ" என்றார் கடைசியில்.
என்னத்தை?
"அண்டைக்குக் கேக்காததை."

அந்த மாதம் மூன்று வண்டியை
ஏன் பறிக்காமல் விட்டுவிட்டு வந்தீர்கள்?
கோப்பில், இலக்கு எட்டப்படவில்லை.
அதற்கு அடுத்த பெட்டி திகதி.

முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தார்.
"முதலாவது ஓட்டோவுக்குள்ள
ஒரு பிள்ளை நித்திரை, மிஸ்.
யூனிபோர்மோட."

அன்றைக்கு அவ்வளவுதான்.
இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நாங்கள் போகவில்லை.

எழும்பும்போது எவ்வளவு என்றார்.
நூற்றிநாற்பது பேரின் சம்பளத்தை
சதம் பிசகாமல் சொன்ன எனக்கு
என் விலை வாயில் வரவில்லை.
முதல் தரத்துக்குக் காசில்லை என்றேன்.

"அப்ப இது இன்ரவியூவோ?"
ஓம்.
"ஆருக்கு?"

பதிலுக்கு நிற்கவில்லை.
தாளை அதே மடிப்பில் மடித்தார்.
பாதிப் படியிலிருந்து குரல் மட்டும் வந்தது:
"வியாழன் வசதிப்படுமோ தெரியேல்லை மிஸ்.
பாப்பம். அறிவிக்கிறன்."

வியாழன், நாலு மணி.
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.