புல்லுக்கு ஒரு செற்றிங்

புதுக் கிராபிக்ஸ் கார்ட் பூட்டின இரவு
வீட்டுக்காரரின் மகன் விதுசன்
என்னைச் சோற்றுக் கையோடு கூப்பிட்டான்.
"அக்கா, நாள் முழுக்கப் புல்லைப் பார்க்கிறனீங்கள்,
இது உண்மைப் புல் மாதிரி இருக்கோ, சொல்லுங்கோ."

மாங்குளம். கரண்ட் இருந்தது.
மின்விசிறிக்குக் கீழே இரண்டு கதிரை,
ஒன்றில் விதுசன், மற்றதில் றெஜினோல்ட்.
றெஜினோல்ட்டின் கட்சி வேறு:
புல்லைக் குறை, எதிரி தெரிவான்,
கொம்பியூற்றரும் திக்காமல் ஓடும்,
வெல்ல வந்தனியோ, காடு பார்க்க வந்தனியோ?
காற்றடிக்கேக்கை ஒவ்வொரு தாளும் தனித்தனியாய் ஆடுது பார்,
அதில்லாட்டி இது பச்சைச் சீமெந்து என்றான் விதுசன்.
ஒரு லட்சத்து எண்பதாயிரம் குடுத்தவன்
அப்படித்தான் கதைப்பான்.

நான் அம்பகாமத்தில் கண்ணி எடுக்கிறவள்.
ஒரு மீற்றர் அகலப் பாதை.
முழங்காலில் நின்று கத்தரிக்கோலால் புல்லை நறுக்கி,
நறுக்கினதைக் கையால் அள்ளிப் பின்னால் போட்டு,
பிறகுதான் கருவியை ஆட்டுவது.
அது கத்தினால் பக்கவாட்டில் மெல்லச் சுரண்டுவது.
பெரும்பாலும் மீன்ரின் மூடி.
நல்ல நாளில் எட்டுச் சதுர மீற்றர்.
ஒன்பது வருசம்.

கதிரையில் இருந்தேன்.
பொய் சொல்லக்கூடாது, வடிவு.
இலுக்கம் புல்லின் ஓரத்தில் வெயில் தின்ற மஞ்சள்கூட இருந்தது.
செய்தவன் எங்கேயோ குந்தியிருந்து
கனநேரம் பார்த்திருக்கிறான்.
அதுதான் வில்லங்கம்.
என் விரல் டபிள்யூவில் கிடந்தது, அமத்தவில்லை.

"நடவுங்கோ அக்கா."
"எங்காலை?"
"நேர."
நேரே இடுப்பளவு புல்.
பின்னாலும் புல்.
எதால் வந்து இங்கே நின்றேன் என்று காட்ட
ஒரு வெள்ளைத் தடியும் இல்லை.
நின்ற இடத்திலேயே சுட்டுப்போட்டாங்கள்.
றெஜினோல்ட்டுக்குச் சிரித்துப் புரைக்கேறியது.

மூன்றாம் தரமும் செத்த பிறகு
அவன்தான் செற்றிங்ஸுக்குள் போய்
புல்லை நிற்பாட்டினான்.

மொட்டை நிலம்.
நெருஞ்சி இல்லை, நாயுண்ணிப் பற்றை இல்லை,
கலியாண மண்டபத்தில் விரிக்கிற பச்சைக் கம்பளம்.
ஓடினேன்.
குனிந்து பாராமல் ஓடினேன்.
சுட வந்தவனைத் தாண்டி ஓடினேன்.
வரைபடத்தின் விளிம்பில் முட்டுப்பட்டு
திரும்பியும் ஓடினேன்.
"சுடுங்கோ அக்கா, சுடுங்கோ!"
எனக்கேன் சுட?
கையில் சோறு காய்ந்துபோய் இருந்தது.

விதுசன் ஒன்றும் கதைக்கவில்லை.
வயரை எடுத்துச் சுற்றினான், அவிழ்த்தான், சுற்றினான்.
பாவமாய் இருந்தது.
கதைக்க ஏதாவது வேணுமென்று சொன்னேன்:
நிறம் சரி தம்பி. ஆட்டம் சரி.
ஆனால் ஆள் போன கையோடு புல் நிமிருது.
மிதிபட்ட புல் அப்படி நிமிராது.
அதை வைத்துத்தான்
ஆரோ போயிருக்கினம் என்று நாங்கள் பிடிக்கிறது.

கண் விரிந்தது அவனுக்கு.
"அப்ப எவ்வளவு நேரம் எடுக்கும்?"
தெரியாது என்றேன்.
நான் வெட்டுகிறவள்.
நிமிருமட்டும் ஒருநாளும் காத்திருந்ததில்லை.

இன்றைக்குக் காலை இடைவேளை, பத்து நிமிசம்.
முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு,
போன மாதம் துப்புரவாக்கின பக்கத்தில்
திரும்ப முளைத்திருந்த கோரை ஒன்றைச்
சப்பாத்தால் அமத்தி நேரம் பார்த்தேன்.
தண்ணிப் போத்தலோடு வந்த யோகமதி கேட்டாள்,
"என்னடி விசரி, புல்லுக்குக் காவலோ?"

நுனி மட்டும்
ஒரு நெல்மணி உயரம் எழும்பியது.
விசில் ஊதின பிறகும் மற்றது படுத்தே கிடந்தது.
பின்னேரம் வேலை விட்டு வரேக்கை
இன்னொருக்கால் பார்க்கவேணும்.