காற்று எந்தப் பக்கம்

எர்மிட்டா சாலையில்
சிவப்பு விளக்கு நாற்பத்தைந்து விநாடி.
அதற்குள் எலியோதோரோவுக்கு
ஒரு மடக்கு டீசல், இரண்டு தீ,
பதினோரு கார் சன்னல்கள்.
பச்சை விழுந்தால்
அவன் அங்கே நின்றதற்குப் புகைதான் சாட்சி.

நெருப்பென்று சொன்னால் வாய் வெந்துவிடாது என்பவர்கள்
அவன் ஈறுகளைப் பார்க்க வேண்டும்.

எங்கள் எக்ஸ்ரே பிரிவில்
தீ கக்க வேறொருவர் உண்டு.
தலைமை மருத்துவர் உர்கியாகா.
படம் கொஞ்சம் மங்கினால் போதும்,
நடைபாதை முழுக்க அனல்.
போன மாதம் ஒரு நர்ஸ்
அடையாள அட்டையைக் கழற்றிக்
குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனாள்.
கத்தி முடித்ததும் அவர்
இஞ்சி மிட்டாய் ஒன்றை வாயிலிட்டுக்கொள்வார்.
தொண்டையைப் பேண வேண்டுமாம்.

எனக்கும் வராமலில்லை.
பன்னிரண்டு வருடமாக வயிற்றில் கட்டிவைத்திருக்கிறேன்.
வாய்வரை வருவதைத்
தண்ணீர் குடித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

செவ்வாயன்று எலியோதோரோ வந்தான்.
சட்டையெல்லாம் எண்ணெய் வாடை.
வரிசையில் இருந்தவர்கள்
மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள்.
வாழ்நாளில் முதல்முறையாக
முதல் ஆளாக உள்ளே வந்தான்.

எப்போதாவது உள்ளே இழுத்துவிட்டாயா?

இரண்டு தரம்.
ஒரு தரம் பஸ் ஹாரன் அடித்தது.
ஒரு தரம் சிரிப்பு வந்துவிட்டது.

மகளுக்குப் பிறந்தநாள், ஏழு மெழுகுவத்தி.
மூன்றை அணைத்துவிட்டு
மிச்சம் அப்பாவுக்கு என்றாளாம் நயேலி.
ஊதினான். ஊதினான்.
நான்கு சுடரும்
தலையை ஆட்டிவிட்டு நிமிர்ந்து நின்றன.
கேக் மேல் மெழுகு சொட்டியது.
இதைச் சொல்லும்போதுதான் இருமினான்,
அதுவரை இல்லை.

யார்மீதாவது கோபம் வருமா என்று கேட்டேன்.
படிவத்தில் இல்லாத கேள்வி.

காசென்று நினைத்து நீட்டிய கையில்
எரியும் சிகரெட் துண்டை அழுத்தினானாம் ஒருவன்.
அப்போது வாய் நிறைய டீசல்,
இடது கையில் பந்தம்,
அந்த முகம் ஒரு முழ தூரத்தில்.

என்ன செய்தாய்?

அண்ணாந்தேன்.

சட்டையைக் கழற்றிப்
பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றான்.
ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் சொல்வதை
அவனிடமும் சொன்னேன்:
மூச்சை இழு. பிடி.
இழுத்தான். பிடித்தான்.
பிடித்தபடியே
விரலொன்றை நக்கி மேலே உயர்த்தினான்,
காற்று எந்தப் பக்கமென்று பார்க்க,
சன்னலே இல்லாத அந்த அறையில்.

படம் அசைந்துபோனது.
நுரையீரல் நிறைய வெள்ளை,
அதன் மேல் இன்னொரு வெள்ளை.

சிறிது நேரத்தில்
உர்கியாகாவின் வாயில் எரிந்துகொண்டு
என் பெயர் நடைபாதையில் வந்தது.
எலியோதோரோ பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.
தண்ணீர் பாட்டில் மேசைமேல் இருந்தது.
எடுக்கவில்லை.

மூச்சை இழுத்தேன்.
பிடித்தேன்.